இரு சட்டகங்களுக்கு இடையே

நுழையும்முன்

திரையில் ஒரு பந்து துள்ளுகிறது. ஒரு பூனை தலையைத் திருப்பிப் பார்க்கிறது. உண்மையில் அங்கே துள்ளலும் இல்லை, திரும்பலும் இல்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. அப்படங்கள் அனைத்தையும் கையால் வரைந்த காலம் ஒன்று இருந்தது. இன்று முதற்படத்தையும் முடிவுப்படத்தையும் கொடுத்தால், இடையில் வரவேண்டியவற்றைக் கணினியே நிரப்பிவிடும். அவ்வாறாயின் கலைஞருக்கு எஞ்சியிருக்கும் வேலை யாது? அசைவூட்ட மென்பொருளில் சட்டகங்களைக் கையாளும் முறையின் வழியே இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

காலத்தின் அலகு

ஓவியத்தைச் சுற்றி நிற்கும் மரச்சட்டத்தைச் சட்டகம் என்பது பழைய வழக்கு. திரைப்படச் சுருளில் ஒவ்வொரு படமும் தனித்தனிச் சட்டத்துக்குள் அடங்கியிருந்தமையால் அதற்கும் அப்பெயரே பொருந்திற்று. தொழிற்கூடங்களில் ‘ஃபிரேம்’ என்றே வழங்குவர். கணினிக்குள் வந்தபிறகு இச்சொல்லின் பொருள் சற்றே மாறியிருக்கிறது. அசைவூட்ட மென்பொருள் எதைத் திறந்தாலும் திரையின் அடிப்பகுதியில் எண்கள் பொறித்த நீண்ட பட்டை ஒன்று தெரியும். அதுவே காலக்கோடு. 1, 2, 3 என அதில் செல்லும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சட்டகம். அங்கே படம் வரையப்பட்டிருக்கலாம், வரையப்படாமலும் இருக்கலாம். எதுவும் வரையாத சட்டகமும் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொண்டே கடந்துபோகும். ஆகவே கணினியில் சட்டகம் என்பது முதலில் கால அளவு. அதன் பின்னரே படம்.

ஒலியின் காலத்தை மாத்திரையால் அளந்த தமிழ் இலக்கணத்தைப் பயின்றோர்க்கு இது புதிய கருத்தன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என எழுத்துகளுக்குக் காலம் வகுத்ததைப் போலவே, அசைவூட்டக் கலைஞர் கண் சிமிட்டலுக்கு இத்தனை, திடுக்கிடலுக்கு இத்தனை எனச் சட்டகங்களை வகுத்துக்கொள்கிறார்.

ஒரு வினாடிக்கு எத்தனை சட்டகங்கள் என்பதை வேலையின் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். பேசாப்படக் காலத்தில் இதற்கு உறுதியான அளவு இருக்கவில்லை. ஒளிப்பதிவாளர் கையால் சுழற்றும் வேகத்திற்கேற்ப அது கூடியும் குறைந்தும் வந்தது. 1920களின் இறுதியில் படத்தோடு ஒலியும் இணைந்தபோது, ஒலி சீராகக் கேட்க வேண்டிய தேவையால் வினாடிக்கு 24 என்னும் அளவு நிலைபெற்றது. இந்தியத் தொலைக்காட்சி முறையில் அது 25. இணையக் காணொளிகளில் 30, 60 ஆகியவையும் உண்டு. 24 எனக் கொண்டால் ஐந்து நிமிடப் படத்துக்கு 7,200 சட்டகங்கள் வேண்டும். அரை வினாடியில் விழவேண்டும் எனக் கருதி 12 சட்டகங்களில் அமைத்த ஒரு பந்தினை, இறுதியில் வினாடிக்கு 30 என மாற்றி வெளியிட்டால், அது 0.4 வினாடியில் விழுந்துவிடும். சட்டக எண் மாறாது. அதன் காலம் மாறிவிடும். பயில்வோர் பலரும் முதலில் இடறும் இடம் இதுவே.

அசையாப் படங்கள் அசைவதாகத் தோன்றுவது ஏன்? விழித்திரையில் ஒரு படத்தின் சாயல் சிறிது நேரம் தங்கிநிற்பதே காரணம் எனப் பல நூல்கள் கூறுகின்றன. அது முழு விடையன்று. சாயல் தங்குவது மட்டுமே நிகழுமாயின், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த மங்கலான படங்களையே காண நேரும். 1912இல் செர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர், இருவேறு இடங்களில் அடுத்தடுத்துத் தோன்றிய அசையாக் கோடுகளை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்த ஒரே கோடாக மனிதர் காண்பதை ஆராய்ந்து வெளியிட்டார். இடைவெளி மிகுந்தால் இரண்டு கோடுகள். மிகக் குறைந்தால் ஒரே நேரத்தில் இரு கோடுகள். தக்க அளவில் இருந்தால் அசைவு. காண்பவர் மனமே அசைவைக் கட்டியெழுப்புகிறது. கலைஞர் அதற்கு வேண்டிய இடைவெளியைத் தருகிறார்.

முதன்மைப் படமும் இடைப்படமும்

1908இல் பிரான்சு நாட்டின் எமில் கோல் ‘ஃபான்டாஸ்மகோரி’ என்னும் சிறு படத்தை ஏறத்தாழ 700 ஓவியங்களால் உருவாக்கினார். ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம்பிடித்து, வேலையைப் பாதியாக்கிக்கொண்டார். அமெரிக்க ஓவியர் வின்சர் மக்கே 1914இல் ‘கெர்ட்டி’ என்னும் தொன்மாவை ஆயிரக்கணக்கான ஓவியங்களால் உலவவிட்டார். அவர் செய்த மாற்றம் ஒன்று இக்கலையின் போக்கையே திருப்பிற்று. முதல் ஓவியத்திலிருந்து வரிசையாக வரைந்துகொண்டே போவதை விடுத்து, அசைவின் இரு முனைகளை முதலில் வரைந்தார், பின்னர் அவற்றின் நடுவை, அதன்பின் எஞ்சியவற்றை. கெர்ட்டி மூச்சு விடும் காலத்தைத் தம் மூச்சையே அளந்து கணித்தார்.

பின்னாளில் டிஸ்னி போன்ற பெரிய கூடங்களில் இம்முறை தொழிற்பிரிவாகவே வளர்ந்தது. தேர்ந்த கலைஞர் அசைவின் முனைகளான முதன்மைப் படங்களை வரைவார். இளையோர் அவற்றுக்கு நடுவே வரவேண்டிய இடைப்படங்களை வரைவர். முதன்மைப் படத்தின் ஓரத்தில் கலைஞர் ஓர் அளவுகோலைக் கீறி, இடைப்படங்கள் எந்த முனையை ஒட்டி நெருங்கி நிற்கவேண்டும், எங்கே விலகி நிற்கவேண்டும் எனக் குறித்துத் தருவதுண்டு. இடைப்படம் வரைவது சலிப்பூட்டும் வேலைதான். எனினும் ஓர் இளைஞர் பெரியவர் ஒருவரின் இரு ஓவியங்களுக்கு நடுவே நாள்முழுதும் அமர்ந்திருந்து, அசைவு எங்கே பிறக்கிறது என்பதைக் கையாலேயே கற்றுக்கொண்ட பள்ளியும் அதுவே.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் திரைப்பட முன்னோடியான தாதாசாகேப் ஃபால்கே, முழுநீளக் கதைப்படம் எடுப்பதற்கு முன் பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை இடைவெளி விட்டு விட்டுச் சட்டகம் சட்டகமாகப் படம்பிடித்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சிறிது பொழுதில் நிகழ்ந்தது. பொருளுதவி செய்வோரிடம் தம் திறனைக் காட்ட அப்படமே அவருக்குச் சான்றாக நின்றது. இரு சட்டகங்களுக்கு இடையே எவ்வளவு காலத்தை ஒளித்துவைக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒட்டாவாவில் ஒரு சோதனை

இடைப்படங்களைக் கணினியிடம் விட்டுவிடலாமே என்னும் எண்ணம் கனடாவில் செயலுருப் பெற்றது. ஒட்டாவா நகரிலுள்ள தேசிய ஆய்வு மன்றத்தில் பணியாற்றிய நெஸ்டர் பர்ட்னிக், 1969இல் கலிஃபோர்னியாவில் நடந்த மாநாடு ஒன்றில் டிஸ்னி கலைஞர் ஒருவரின் உரையைக் கேட்டார். முதன்மைப் படம், இடைப்படம் என்னும் பகுப்பு அவருக்கு அங்கேதான் அறிமுகமாயிற்று. நாடு திரும்பியதும் மார்செலி வைன் என்பாருடன் சேர்ந்து, இரு கோட்டோவியங்களைக் கொடுத்தால் இடையில் உள்ளவற்றைக் கணித்து வரையும் அமைப்பை உருவாக்கினார். அதனைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் இயக்கி, கனடா தேசியத் திரைப்பட வாரியம் தயாரித்த ‘பசி’ என்னும் குறும்படம் 1974இல் வெளிவந்தது. அளவின்றி உண்டு பெருக்கும் ஒருவன், இறுதியில் பசித்தோர் கூட்டத்துக்கு இரையாவது அதன் கதை. கணினியால் அசைவூட்டப்பெற்று ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதற்படம் இதுவே. இரு அறிஞர்களுக்கும் 1997இல் அவ்விருதுக் கழகத்தின் தொழில்நுட்பச் சிறப்பு கிடைத்தது.

அப்படத்தில் கோடுகள் உருகி உருகி வேறுருக் கொள்கின்றன. மனிதன் உணவாகிறான், உணவு வாயாகிறது. கதைக்கு அது மிகப் பொருந்திற்று. ஆனால் உருமாற்றம் வேண்டாத இடத்தில் இம்முறை தடுமாறும். ஓர் எளிய கணக்கு இதனைக் காட்டும். தோள் மூட்டினைச் சுழிப்புள்ளி எனக் கொள்க. கை நேராக மேலே தூக்கப்பட்டிருக்கும்போது விரல்நுனி 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. தொங்கவிட்டபோது 60 செ.மீ. கீழே இருக்கிறது. இவ்விரண்டையும் முதன்மைப் படங்களாகக் கொடுத்து, நேர்கோட்டில் இடைநிலையைக் கணிக்கச் சொன்னால், நடுப்படத்தில் விரல்நுனி சரியாகத் தோள்மூட்டிலேயே நிற்கும். கையின் நீளம் சுழி! மேலிருந்து கீழே வரும் கை, வட்டப்பாதையில் பக்கவாட்டில் விரிந்து வரும் என்பது மனிதர்க்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இக்குறையை உணர்ந்த பர்ட்னிக்கும் வைனும் உருவத்துக்குள் எலும்புக்கூடு போன்ற சட்டம் ஒன்றை அமைத்து இயக்கும் முறையை 1976இல் வெளியிட்டனர். இன்றைய மென்பொருள்களில் உருவத்துக்கு எலும்புகள் பொருத்தி மூட்டுகளைச் சுழற்றும் வழக்கம் அவ்வழியில் வளர்ந்ததே. கை, முழங்கை, தோள் எனத் தனித்தனியே வெட்டி மூட்டிய தோற்பாவைகளைக் கண்டவர்களுக்கு இதன் தேவை எளிதில் விளங்கும்.

ஒரு பந்து விழுகிறது

அசைவூட்டம் கற்போர் எவரும் முதலில் செய்யும் பயிற்சி, துள்ளும் பந்து. கட்டணமின்றிக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் இதனைச் செய்துபார்க்கலாம். நெதர்லாந்தின் டான் ரோசண்டால் தொடங்கிய இம்மென்பொருளை, 2002இல் பொதுமக்களிடமிருந்து 1,00,000 யூரோ திரட்டி அனைவர்க்கும் உரிமையாக்கினர். அத்தொகை ஏழு வாரங்களில் சேர்ந்தது. லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இதே மென்பொருளில் உருவாக்கிய ‘ஃப்ளோ’ என்னும் முழுநீளப் படம் 2025இல் ஆஸ்கர் விருது பெற்றது. உரையாடலே இல்லாத அப்படத்தில், ஒரு பூனை தயங்குவதும் துணிவதும் அசைவின் வழியாகவே புலனாகின்றன.

மென்பொருளைத் திறந்ததும் காலக்கோடு 1 முதல் 250 வரை நீண்டிருக்கும். வேகம் வினாடிக்கு 24 என இருக்கும். 1ஆம் சட்டகத்தில் பந்தை மேலே வைத்து, ‘இந்த நேரத்தில் இந்த இடம்’ எனப் பதிவு செய்யவேண்டும். காலக்கோட்டில் சாய்சதுரக் குறி ஒன்று தோன்றும். அதுவே முதன்மைச் சட்டகம். 13ஆம் சட்டகத்துக்கு நகர்ந்து, பந்தைத் தரைக்கு இறக்கி, மீண்டும் பதிவு செய்யவேண்டும். இடையிலுள்ள 11 சட்டகங்களையும் மென்பொருளே நிரப்பிவிடும். ஓடவிட்டுப் பார்த்தால் பந்து கீழே வருகிறது. ஆயினும் அது விழவில்லை. யாரோ கையில் பிடித்து இறக்கிவைப்பதுபோல் தோன்றுகிறது.

காரணத்தை இயற்பியல் பாடத்தில் தேடவேண்டும். தடையின்றி விழும் பொருள் அரை வினாடியில் ஏறத்தாழ 122 செ.மீ. கடக்கும். அத்தொலைவைச் சம கால அளவுகளாகப் பகுத்தால், ஒவ்வொன்றிலும் அது கடக்கும் தொலைவு 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளரும். கலிலியோ கண்ட உண்மை இது. 12 இடைவெளிகளுக்குக் கூட்டுத்தொகை 144. ஆகவே முதல் இடைவெளியில் பந்து ஒரு செ.மீ. கூட நகராது, கடைசி இடைவெளியில் ஏறத்தாழ 20 செ.மீ. பாயும். காலத்தில் பாதியான 7ஆம் சட்டகத்தில் அது கால்பங்குத் தொலைவையே கடந்திருக்கும். நேர்கோட்டு முறையில் கணிக்கும் மென்பொருளோ ஒவ்வோர் இடைவெளிக்கும் 10 செ.மீ. எனச் சமமாகப் பங்கிடும்; பந்து எடையற்றதாகிவிடும்.

பிளெண்டர் இயல்பாகப் பின்பற்றுவது பெசியர் வளைகோட்டு முறை. ரெனால்ட் மகிழுந்து நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியர், வண்டிகளின் புறவடிவை வரைவதற்காகக் கையாண்ட வளைகோடு அது. இம்முறையில் அசைவு மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, மீண்டும் மெல்ல அடங்கும். கதவு மூடுதல், தலை திரும்புதல் போன்றவற்றுக்கு இது அழகு. விழும் பந்துக்கோ தொடக்கம் மட்டும் பொருந்துகிறது, முடிவு பொருந்தவில்லை. தரையைத் தொடும் முன்பே பந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பஞ்சு மெத்தையில் அமர்வதுபோல் அமர்கிறது.

இதனைத் திருத்த வரைகோட்டுப் பலகத்தைத் திறக்கவேண்டும். அங்கே பந்தின் உயரம் காலத்தோடு எப்படி மாறுகிறது என்பது ஒரு கோடாகத் தெரியும். ஒவ்வொரு முதன்மைச் சட்டகத்திலும் இருபுறம் நீண்ட கைப்பிடிகள் இருக்கும். உச்சியில் அவற்றைக் கிடையாகவே விட்டு, தரைப்புள்ளியில் உடைத்துச் செங்குத்தை நோக்கி நிமிர்த்தினால், கோடு வழவழப்பை இழந்து கூரிய முனையாகும். இப்போது பந்து தரையில் மோதுகிறது. முதன்மைச் சட்டகங்கள் மாறவில்லை. அவற்றின் இடமும் நேரமும் பழையனவே. இடைவெளியின் பங்கீடு மட்டும் மாறியிருக்கிறது. எடை என்னும் உணர்வு அதிலிருந்து பிறந்தது.

பந்து மீண்டும் எழவேண்டும். ஒவ்வொரு துள்ளலும் முன்னதில் பாதி உயரமே எட்டும் எனக் கொள்வோமாயின், காலமும் பாதியாகும் எனப் பலர் கருதுவர். அவ்வாறன்று; உயரம் பாதியாகும்போது காலம் ஏறத்தாழ 0.7 மடங்காகும். முதல் வீழ்ச்சிக்கு 12 சட்டகம் என்றால், அடுத்த துள்ளல் எழவும் விழவுமாக 17, அதற்கடுத்தது 12. எனவே பந்து தரையைத் தொடும் சட்டகங்கள் 13, 30, 42. எல்லாத் துள்ளலுக்கும் சமமாக 24 சட்டகம் கொடுத்துப் பார்த்தால், உயரம் குறையக் குறையப் பந்து சோம்பி மிதக்கும். நிலவின் தரையில் துள்ளுவதுபோல் தோன்றும். தரையைத் தொடும் ஒரே ஒரு சட்டகத்தில் பந்தின் உயரத்தை 0.8 மடங்காக அழுத்தி, அகலத்தை 1.25 மடங்காக விரித்தால் அது ரப்பர்ப் பந்து. அழுத்தாமல் விட்டு, அடுத்த துள்ளலையும் மிகத் தாழ்வாக்கினால் இரும்புக் குண்டு. உருவமும் நிறமும் மாறாமலே பொருள் மாறிவிடுகிறது.

வேலையை முடித்து வெளியிடும்போது, ஒரே காணொளிக் கோப்பாக ஆக்காமல், ஒவ்வொரு சட்டகத்தையும் தனிப்படமாக 0001, 0002 என எண்ணிட்டுச் சேமிப்பது தொழிற்கூட வழக்கம். 150ஆம் சட்டகத்தில் மின்சாரம் நின்றாலும் 151இலிருந்து தொடரலாம். நுணுக்கமான காட்சியில் ஒரு சட்டகத்தை உருவாக்கவே கணினிக்குப் பல மணி நேரம் ஆகலாம் என்பதை அறிந்தவர்கள் இவ்வழக்கத்தின் அருமையை உணர்வர்.

நிறுத்தமும் ஒரு மொழி

பந்துக்கு இயற்பியல் துணைநின்றது. உயிருள்ள பாத்திரங்களுக்கு அது போதாது. ஒரு பாட்டி இடப்பக்கம் பார்த்திருந்து வலப்பக்கம் திரும்புகிறார் எனக் கொள்க. இரு முனைகளை மட்டும் கொடுத்தால், தலை சுழல்விளக்குப்போல் சீராகத் திரும்பும். அனுபவமுள்ள கலைஞர் நடுவில் மூன்றாவது படம் ஒன்றைத் தாமே வைப்பார். அதில் தலை சற்றே தாழ்ந்திருக்கும், இமைகள் மூடியிருக்கும், கண்மணிகள் தலைக்கு முன்பே வலப்பக்கம் சென்றிருக்கும். கண் முந்திச் சென்றால் பாட்டி எதையோ தேடித் திரும்புகிறார். தலை முந்திக் கண் பிந்தினால், பார்த்துக்கொண்டிருந்ததை விட மனமின்றித் திரும்புகிறார். அந்நடுப்படத்தில் வரும் ஓரிரு மாற்றங்களில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

கையால் வரைவோர்க்கு இதில் உதவும் கருவி, தொழிலில் ‘வெங்காயத்தோல்’ எனப்படுவது. ஒளிப்பெட்டியின் மேல் மெல்லிய தாள்களை அடுக்கி, அடியிலுள்ள ஓவியம் மங்கலாகத் தெரிய வரைந்த காலத்தின் பெயர் அது. இன்று மென்பொருளில் முந்தைய சட்டகங்கள் ஒரு நிறத்திலும் பிந்தையவை வேறு நிறத்திலும் சாயலாகத் தெரிகின்றன. சாயல்கள் நெருங்கி நின்றால் அசைவு மெதுவானது. விலகி நின்றால் விரைவானது. படத்தை ஓடவிடாமலே அசைவைப் படித்துவிடலாம்.

எல்லாச் சட்டகங்களிலும் புதுப்படம் வேண்டும் என்பதுமில்லை. ஒரு படத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம் போதும். மூன்றுக்கு நிறுத்தினால் 8. ஜப்பானில் ஒசாமு தெசூகா 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாரந்தோறும் ஒளிபரப்பவேண்டிய நெருக்கடியில், மூன்று சட்டகத்துக்கு ஒரு படம் என்னும் சிக்கனத்தைக் கடைப்பிடித்தார். வறுமையில் பிறந்த அவ்வழக்கம் காலப்போக்கில் ஜப்பானிய அசைவூட்டத்துக்கே உரிய நடையாகிவிட்டது. அசையாமல் உறைந்து நிற்கும் முகம், திடீரெனப் பாயும் உடல் என்னும் வேறுபாட்டை அங்குள்ள கலைஞர்கள் தேர்ந்த கலையாக்கினர்.

2018இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில் இதனைக் கதைசொல்லும் முறையாகவே மாற்றினர். காட்டின் நடுவே இருவர் மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் காட்சி அதில் உண்டு. பழகிய வீரனான பீட்டருக்கு ஒவ்வொரு சட்டகத்திலும் புதுநிலை. கற்றுக்கொண்டிருக்கும் சிறுவன் மைல்சுக்கு இரு சட்டகத்துக்கு ஒரு நிலை. ஒரே திரையில் ஒருவன் வழுக்கிக்கொண்டு பறக்க, மற்றவன் தட்டுத்தடுமாறுகிறான். சிறுவன் தேறிவரும்போது அவனுக்கும் ஒவ்வொரு சட்டகமும் கிடைக்கிறது. பார்ப்போர் பெரும்பாலும் இதனை எண்ணிக் கண்டறிவதில்லை, ஆனால் உணர்கின்றனர்.

நிரப்பப்படும் இடைவெளி

இத்தகைய படத்தைப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றில் காண்போர் வேறொன்றைக் காண நேரலாம். பல பெட்டிகளில் ‘அசைவு மென்மையாக்கம்’ என்னும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது இரு சட்டகங்களுக்கு இடையே தானே கணித்த சட்டகங்களைச் செருகி, வினாடிக்கு 60 அல்லது 120 எனப் பெருக்கிக் காட்டும். விளையாட்டு ஒளிபரப்பில் பந்தின் பாதையைத் தெளிவாகக் காண அது உதவும். அசைவூட்டப் படத்திலோ கலைஞர் எண்ணி வைத்த நிறுத்தங்கள் அனைத்தையும் அது கரைத்துவிடுகிறது. தட்டுத்தடுமாறவேண்டிய சிறுவனும் வழுக்கிச் செல்கிறான். அடிபட்ட கணத்தில் உறைந்து நிற்கவேண்டிய முகம், அடுத்த முகத்தை நோக்கி மெல்ல உருகத் தொடங்குகிறது. கனடாவின் நார்மன் மக்லாரன், அசைவூட்டத்தில் ஒவ்வொரு சட்டகத்திலும் இருப்பதைவிடச் சட்டகங்களுக்கு இடையே நிகழ்வதே முதன்மையானது என்னும் கொள்கையுடையவர். அவர் போன்றோர் வெறுமையாகக் காத்த இடத்தை, சட்டகங்கள் மிகுந்தால் தரமும் மிகும் என்னும் எளிய கணக்கு நிரப்பிவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவும் இப்போது இவ்வேலைக்கு வந்திருக்கிறது. இரு ஓவியங்களைக் கொடுத்தால் இடைப்படங்களை முன்னைவிடத் திறம்பட அது வரைகிறது; கை தோளுக்குள் சுருங்குவதில்லை. முதுகொடியும் வேலை குறைவது நன்றே. ஆயினும் இடைப்படம் வரைந்தே முதன்மைக் கலைஞராக வளர்ந்தோர் ஏறிய ஏணியின் கீழ்ப்படிகள் அங்கே அகற்றப்படுகின்றன. இனி வருவோர் அக்கல்வியை எங்கே பெறுவர் என்பது அசைவூட்டக் கூடங்கள் விடைகாண வேண்டிய கேள்வி. நடிகரின் உடலில் குறிகள் பொருத்தி அசைவைப் பதிவு செய்யும் முறையிலும் இதே நிலை. தமிழில் 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ அம்முறையில் உருவானது. பதிவுக்கருவி ஒவ்வொரு சட்டகத்துக்கும் தரவைத் தந்துவிடும். அதில் எதை வைப்பது, எதை நீக்குவது, எங்கே மிகைப்படுத்துவது என்பதைப் பின்னர் ஒருவர் அமர்ந்து முடிவு செய்தே ஆகவேண்டும்.

கைந்நொடிப் பொழுது

மாத்திரையின் அளவு கண்ணிமைப் பொழுது அல்லது கைந்நொடிப் பொழுது எனத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. அக்கைந்நொடியையும் நான்கு நிலைகளாகப் பகுத்துக் காட்டும் பழம்பாடல் ஒன்று இலக்கண உரை மரபில் வழங்குகிறது. நொடிக்க நினைத்தல் கால் மாத்திரை, விரலை ஊன்றுதல் அரை, முறுக்குதல் முக்கால், விடுத்தல் ஒன்று. அசைவூட்டக் கலைஞர் இதனைக் கண்டால் வியப்பார். நான்கும் நான்கு முதன்மைச் சட்டகங்கள்! அதிலும் நினைத்தலை ஒரு நிலையாகக் கொண்டது மிக நுட்பம். எந்த அசைவுக்கும் முன்னே உடல் ஆயத்தமாவதைக் காட்டவேண்டும் என்பது இக்கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

ஒலியின் காலத்தை அளக்க வந்த இலக்கணம் நான்கையும் சம பங்காக வைத்தது. கையின் அசைவைக் காட்ட வருபவர் அவ்வாறு வைக்க இயலாது. நடுவிரல் கட்டைவிரலிலிருந்து விடுபட்டு உள்ளங்கையைத் தாக்க ஏறத்தாழ 7 மில்லிவினாடியே ஆகிறது என 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. இமை மூடித் திறப்பதற்கு ஆகும் காலத்தில் இருபதில் ஒரு பங்கு அது. வினாடிக்கு 24 என்னும் கணக்கில் ஒரு சட்டகத்தின் காலம் 42 மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. விடுத்தல் முழுவதும் ஒரு சட்டகத்தின் ஆறிலொரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு இடைப்படமே வரைய இடமில்லை.

ஆகவே நினைத்தலுக்கு ஐந்தாறு சட்டகம், ஊன்றலுக்கு மூன்று, முறுக்குதலில் விரல்நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தி மேலும் நான்கு எனக் காலத்தை அங்கே செலவிட்டு, முறுக்கிய விரலை ஒரு சட்டகத்திலும் உள்ளங்கையில் மோதிய விரலை அதற்கு அடுத்த சட்டகத்திலும் வைப்பர். ஒலியை இரண்டாவதில் சேர்ப்பர். விரல் பாய்ந்ததை எந்தச் சட்டகத்திலும் தேடிக் காணமுடியாது. ஓடவிட்டால் எல்லோரும் காண்பர்.

கற்பவை கற்றபின்

ஒரு குறிப்பேட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் படங்கள் வரைந்து, துள்ளும் பந்தை அமைக்க. முதலில் சம இடைவெளியிலும், பின்னர் 1, 3, 5, 7 என்னும் விகிதத்திலும் வரைந்து, பக்கங்களை விரைவாகப் புரட்டி இரண்டையும் ஒப்பிடுக.

பள்ளிக் கணினியில் உள்ள அசைவூட்ட மென்பொருள் ஒன்றில், ஒருவர் தலையைத் திருப்பும் காட்சியை இரு முதன்மைச் சட்டகங்களால் உருவாக்குக. நடுவே ஒரேயொரு சட்டகத்தைச் சேர்த்து அவரைத் தயங்குபவராகவும், பின் அதே சட்டகத்தை மாற்றி அஞ்சுபவராகவும் காட்டுக. எதை மாற்றினீர்கள் என்பதை வகுப்பில் விளக்குக.